இணைந்த தேதி

திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டு
மிஸ்டர் கூய் சொன்னார்:
முந்நூற்றுப் பதினெட்டுப் பேர்.
வெள்ளிக்குள் கணக்கு வேண்டும்.
வெளியே மூச்சு விடாதே.

கோப்பை அவரே திறந்து வைத்திருந்தார்.
இருநூற்றாறாவது வரியில் என் பெயர்.

கீழே லைன் ஓடிக்கொண்டிருந்தது.
நீல அங்கி, நீலத் தலையுறை, முகமூடி.
கண்ணை மட்டும் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன்.
பன்னிரண்டு வருடமாகச் சம்பளச் சீட்டு நீட்டிய கை.
அன்று கேன்டீனுக்குப் போகவில்லை.
பிஸ்கட்டைக் கொப்பியில் நனைத்து
மேசையிலேயே தின்றேன்.

சட்டம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.
தொழிலாளர் இலாகாவுக்கு முப்பது நாள் முன்பே ஒரு பாரம்.
ஐந்து வருடம் கடந்தவருக்கு
வருடத்துக்கு இருபது நாள் கூலி.
நெஞ்சைத் தொட்டு ஆறுதல் சொல் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.
எண்ணத் தெரிந்தால் போதும்.

அங்கேதான் கை வைத்தார்கள்.
தலைமையகத்திலிருந்து ஒரு வரி:
எல்லோருக்கும் இணைந்த தேதி
இரண்டாயிரத்துப் பதினாறு, ஜூலை ஒன்று.
அன்றுதான் கம்பெனி கைமாறியதாம்.
பழையது வேறு, நாங்கள் வேறு.

அந்த ஜூலை எனக்கும் நினைவிருக்கிறது.
கிரேன் வந்து பழைய எழுத்துகளை
ஒவ்வொன்றாக இறக்கியது.
ஆளுக்கொரு துண்டு கேக்.
தனபாக்கியம் கேக்கை டிஷ்யூவில் சுற்றிப்
பையில் போட்டுக்கொண்டு
அதே நாற்காலிக்குத் திரும்பினாள்,
அதே மைக்ரோஸ்கோப், அதே ஒன்பதாம் நம்பர் மேசை.

சொத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்த நாற்காலி வாங்கியது தொண்ணூற்றொன்பதில்.
தேய்மானம் வருடந்தோறும் கழித்திருக்கிறார்கள்,
ஒரு வருடம்கூட விடாமல்.
நாற்காலிக்கு வயது குறையவில்லை.
அதில் உட்கார்ந்தவளுக்குத்தான்.

ஸ்டோர் அறையில், கிழிந்த பெட்டிகளுக்குப் பின்னால்
பச்சை அட்டைகள் இருந்தன.
கறையான் விட்டுவைத்தவை.
நோர்ஹயாத்தி, பல்லில் கம்பி போட்ட வயசில்.
ஊய் லெங், கண் மூடிய புகைப்படத்தில்.
இருதயமேரி, தொண்ணூற்றேழு.
தனபாக்கியம், தொண்ணூற்றெட்டு:
நாற்காலிக்கு ஒரு வருடம் மூத்தவள்.

மூன்று இரவு.
தேதி ஒன்று மாறினால்
வலக்கோடியில் தொகை துள்ளும்.
என்னுடையதைக் கடைசியாகத் திருத்தினேன்.
அதற்கு மட்டும்தான் கை கூசியது.

அப்புறம் அந்த இரும்பலமாரி.
நேபாளத்து ஆட்கள் நாற்பத்தொரு பேரின் கடப்பிதழ்,
பாதுகாப்புக்காக என்று சொல்லி வைத்தது.
சாவி என் கைப்பையில்,
பனடோலுக்கும் பஸ் அட்டைக்கும் நடுவில்,
எத்தனையோ வருடமாக.
வியாழன் ராத்திரி ரேலாவ் விடுதிக்குக் கொண்டுபோனேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.
தேக் பகதூர் எதுவும் கேட்கவில்லை.
பக்கங்களை விரலால் ஓட்டிப் பார்த்தான்,
பிறகு என் முகத்தைப் பார்த்தான்.
புரிந்துவிட்டது.
மூச்சு விடாதே என்றார்கள்.
நான் விடவில்லை. அவன் விட்டான்.

வெள்ளி.
மிஸ்டர் கூய் மொத்தத் தொகையைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
இதை அனுப்பினால் நம் இரண்டு பேரையும் தொலைத்துவிடுவார்கள் என்றார்.
எப்படியும் தொலைக்கத்தானே போகிறார்கள், சார்.

இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
ஒன்று ஆட்கள். ஒன்று நாற்காலிகள்.

வெகுநேரம் ஏர்கோன் மட்டும் பேசியது.
பிறகு, குரலை இறக்கி,
என்னுடையதையும் திருத்தினாயா? என்றார்.

ஒன்பதாவது வரி, சார்.
தொண்ணூற்றாறு, மார்ச்.

பேனாவை எடுத்தார். மூடியைத் திருகவில்லை.
அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

கீழே பாலம் தாண்டி வந்த பஸ் கிலாங்
இரவு ஷிப்டை இறக்கிக்கொண்டிருந்தது.
முழங்காலைப் பிடித்தபடி தனபாக்கியம் இறங்கினாள்.
யாரோ எதற்கோ சிரித்தார்கள்.
வரிசையாக வந்து அட்டையைத் தொட்டார்கள்.

ஒவ்வொருவரும் நுழைந்த நேரத்தை
வினாடி பிசகாமல்
எழுதிக்கொண்டது இயந்திரம்.